‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டுந்தானா?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘டேக்’ என்பது ஒன்று. நான்கே எழுத்துகள், ஒரே அசையில் முடிந்துவிடும் சொல். ‘டேக் என்றால் எடு’ என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னாலே போதும், மனத்தில் பதிந்துவிடுகிறது. இவ்வளவு எளிய சொல்லுக்கு ஒரு கட்டுரை வேண்டுமா என வாசகர்கள் வியக்கக்கூடும். ஆனால், ஆங்கிலக் கடிதம் ஒன்று வீட்டிற்கு வந்து, அதனைப் படித்துப் பொருள் சொல்லுமாறு பெற்றோர் பிள்ளையை அழைக்கும்போது, அப்பிள்ளை இடறி விழுவது பெரும்பாலும் நீண்ட சொற்களில் அன்று; இத்தகைய குட்டைச் சொற்களிலேதான். தெரியாத நீண்ட சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடத் தோன்றும். ‘டேக்’ என்னும் சொல்லுக்கு அகராதியைத் திறப்பவர் யார்?

திறந்து பார்த்தவர்கள் திகைத்துப் போவதுண்டு. டாக்டர் சாமுவெல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இவ்வொரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களை வரிசைப்படுத்தியுள்ளார். அத்தனையையும் மனப்பாடம் செய்யுமாறு நாம் சொல்லப்போவதில்லை. அஃது ஆங்கிலேயராலும் ஆகாத காரியம். அவர்கள் அச்சொல்லை மனப்பாடத்தால் அறிவதில்லை; அதனோடு சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு அறிகின்றனர். நாமும் அவ்வழியையே பின்பற்றலாம்.

முதலில் இச்சொல்லின் பிறப்பைச் சற்றே காண்போம். இஃது ஆங்கிலத்தின் பிறவிச் சொல் அன்று, வந்தேறிய சொல். பழைய ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு ‘நிமன்’ என்னும் சொல்லே வழங்கியது. ஜெர்மானியர் இன்றும் அதன் உடன்பிறப்பாகிய ‘நேமன்’ என்பதையே ஆள்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி ஸ்கண்டிநேவிய நாட்டினர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்கள் நாவில் வழங்கிய ‘தாக்கா’ என்னும் சொல்லே பின்னர் ‘டேக்’ ஆயிற்று. வந்த சொல் இருந்த சொல்லை விரட்டிவிட்டது. விரட்டப்பட்ட சொல்லின் எச்சமொன்று இன்றும் ஆங்கிலத்தில் உண்டு. கைகால் மரத்துப் போவதை ஆங்கிலத்தில் ‘நம்’ என்பார்களே, அதுதான். (நம் தமிழில் உள்ள ‘நம்’முக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை.) ‘பற்றிக்கொள்ளப்பட்டது’ என்பதே அதன் பழம்பொருள்; உணர்ச்சி பற்றிக்கொள்ளப்பட்ட உறுப்பு மரத்துப்போன உறுப்பு அன்றோ?

ஆக, ‘டேக்’ என்பதன் அடியில் நிற்கும் கருத்து பற்றுதல். பற்றித் தன்பால் கொள்ளுதல். நம் தமிழ் ‘எடு’வின் அடியில் நிற்கும் கருத்தோ வேறு. அஃது உயர்த்துதல், தூக்குதல். விழா எடுக்கிறோம், சிலை எடுக்கிறோம், குரலெடுத்துப் பாடுகிறோம், அடியெடுத்து வைக்கிறோம். இவற்றுள் எதையும் ‘டேக்’ என்று எழுத இயலாது. ‘பசி எடுக்கிறது’ என்பதை அச்சொல்லால் பெயர்த்தெழுதும் மாணவனுக்கு ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். புகைப்படக்காரர் படம் எடுக்கிறார். நாகப்பாம்பும் படம் எடுக்கிறது. முன்னதை ஆங்கிலத்தில் ‘டேக்’ எனலாம். பின்னதையும் அவ்வாறே எழுதினால் பாம்பின் கழுத்தில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டவர்கள் ஆவோம்!

அவ்வாறாயின் ‘டேக்’ என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் யாது? நாம் கருதுவது, ‘எடு’ என்பதைவிடக் ‘கொள்’ என்பதே அதற்கு மிகவும் நெருங்கியது என்பதாம். ஆங்கிலத்தில் ‘டேக்’ வரும் இடங்களைத் தமிழாக்கிப் பாருங்கள். மருந்தை உட்கொள்கிறோம். கூட்டத்தில் பங்குகொள்கிறோம். சொன்னதைக் கருத்தில் கொள்கிறோம். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம். பயணம் மேற்கொள்கிறோம். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறோம். ‘குழந்தையைக் கிளினிக்கிற்குக் கொண்டு போ’ என்கிறோமே, அந்தக் ‘கொண்டு’ யார்? அதுவும் ‘கொள்’ளே, ஆங்கிலத்தில் அதுவும் ‘டேக்’கே. ‘டேக்’, ‘பிரிங்’ ஆகிய இரண்டையும் மாணவர் பலர் மாற்றி எழுதுவதுண்டு. கொண்டு போவது முன்னது, கொண்டு வருவது பின்னது என்று தமிழ்வழி நினைத்தால் அந்த மயக்கம் நீங்கும். ‘டேக்’ என்ற சொல்லைக் கண்டவுடன் ‘எடு’ என்று வாய் சொல்லும் பழக்கத்தைக் கைவிட்டு, ‘கொள்’ என்பதை முதலில் பொருத்திப் பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகிறோம். பத்தில் ஆறு ஏழு இடங்களிலாவது கதவு திறக்கும்.

தேசிய மொழி அறிந்த நம் பிள்ளைகளுக்கு இன்னுமொரு துணையும் உண்டு. மலாயில் ‘அம்பில்’ என்னும் சொல் பல இடங்களில் ஆங்கிலத்தோடு கைகோத்து நடக்கிறது. பங்குகொள்ளுதல் ‘அம்பில் பஹாகியான்’; ஒன்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுதல் ‘அம்பில் ஆலிஹ்’. ஆனால் எல்லா இடத்திலும் கை கோக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆங்கிலேயர் மருந்தை ‘டேக்’ செய்கின்றனர். மலாய்க்காரர் ‘மாக்கான் ஊபாட்’ என்று மருந்தை உண்கின்றனர். நாமும் மருந்து சாப்பிடுகிறோம். ஒரு வேலைக்கு நேரம் ஆகும் என்பதை ஆங்கிலத்தில் அது நேரத்தை ‘டேக்’ செய்யும் என்பர். மலாயில் அது நேரத்தையே தின்றுவிடும், ‘மாக்கான் மாசா’. தமிழில் நேரம் பிடிக்கும். மூன்று மொழிகளும் ஒரே கருத்தை மூன்று வினைகளால் சொல்லுகின்றன. மூன்றையும் பேசி வளரும் பிள்ளை இதனை ஆசிரியர் இல்லாமலே கண்டுகொள்ளக்கூடும். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வாய்த்த நல்வாய்ப்பு இது.

மருந்தைப் பற்றிச் சொன்னோம். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் நஞ்சு அடைக்கும் கண்ணாடிப் புட்டிகளை நீலம், பச்சை முதலிய நிறங்களில், இருட்டில் தடவினாலும் தெரியும்படி வரிவரியாகச் செய்தனர். அவற்றின்மேல் ‘நாட் டு பி டேக்கன்’ என்னும் எழுத்துகளைப் புடைத்து நிற்குமாறு வார்த்தனர். ‘எடு’ என்னும் ஒரு பொருளை மட்டும் அறிந்தவர் அதனை எவ்வாறு படிப்பார்? ‘இதனை இங்கிருந்து எடுத்துச் செல்லக் கூடாது’ என்று படிப்பார். எடுத்துச் செல்லவில்லையே, இங்கேயே ஒரு வாய் குடித்தால் என்ன என்றும் எண்ணக்கூடும். ‘உட்கொள்ளலாகாது’ என்பதன்றோ அதன் பொருள்! உடலின்மேல் பூசும் மருந்துகளிலும் பூச்சிகொல்லிகளிலும் இதனையொத்த எச்சரிக்கைகள் உண்டு. அவ்விடத்தில் ‘டேக்’ என்னும் சொல் வந்தால் அது வாய்வழி செல்வதைப் பற்றியதே என்று உறுதியாகக் கொள்ளலாம். மாத்திரை உறையின்மேல் ‘டேக்’ என்று கண்டால் அதன் பின்னால் வரும் சொற்களையும் முழுவதும் படித்தல் வேண்டும். வெறும் வயிற்றிலா, உணவுக்குப் பின்னா, நாளைக்கு எத்தனை வேளை என்பனவெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பின்னால் வரும் சொல்லைப் பார் என்று நாம் கூறுவது புதிய கருத்து அன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பல பொருள் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறார். அத்தகைய சொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது அவர் காட்டும் வழி. ‘மா’ என்பது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா காய்த்தது என்றால் மரம். மா மேய்ந்தது என்றால் விலங்கு. மாவும் பலாவும் என்று இனத்தோடு வந்தால் ஐயமே இல்லை. அவர் பெயர்ச்சொல்லின் பொருளை வினையால் தெளியச் சொன்னார். இங்கே வினையே மயங்கி நிற்பதால் அதன் பொருளைப் பெயரால் தெளிய வேண்டியிருக்கிறது. வழி ஒன்றுதான், நடக்கும் திசை மட்டும் வேறு.

எனவே ‘டேக்’ என்பதன் பின் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘பிளேஸ்’ என்றால் இடம். ஆயினும் ‘டேக் பிளேஸ்’ என்பது இடம் பிடிப்பது அன்று. ஒரு நிகழ்ச்சி நடைபெறுவது. அதனிடையே ‘தி’ என்னும் சிறு சொல் புகுந்தாலோ, ஒருவருடைய இடத்தில் மற்றொருவர் அமர்வதாகப் பொருள் மாறிவிடும். பழைய கிராணி ஓய்வுபெற, அவருடைய இடத்துக்குப் புதியவர் வருவதைச் சொல்ல அது வேண்டும். ‘டேக் லீவ்’ என்பது வேலைக்கு விடுப்பு எடுப்பதையும் குறிக்கும். விருந்தினர் விடைபெற்றுக்கொள்வதையும் குறிக்கும். இவற்றுள் எது என்பது அலுவலகத்திலா வீட்டு வாசலிலா என்ற சார்பால் விளங்கும். சம்பளத் தாளில் ‘டேக் ஹோம் பே’ என்று காண்பது பிடித்தம் போகக் கைக்கு வந்துசேரும் தொகை. அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளரின் பங்காக 11 விழுக்காடும், சொக்சோவுக்கு உரியதும், இன்னபிறவும் கழிந்த பின்னர் எஞ்சுவது அது. வேலைக்கு ஆள் எடுப்பவர் ஒரு தொகையைச் சொன்னால், அது கழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டறிவது நன்று.

இனி, ‘டேக்’கின் பின்னால் ஒட்டி வரும் மிகச் சிறிய சொற்களைக் காண்போம். ஆங்கிலம் கற்போரை மிகவும் அலைக்கழிப்பவை இவையே. ‘ஆஃப்’ சேர்ந்தால் விமானம் தரையை விட்டெழும். காலணியைக் கழற்றுவதும் அதுவே. ‘டவுன்’ சேர்ந்தால் சொல்வதை எழுதிக்கொள்வது. விசாரணையில் ஒருவருடைய வாக்குமூலம் இவ்வாறு ‘டேக் டவுன்’ செய்யப்பட்டால், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் பிள்ளை தந்தையை உரித்துவைத்தாற்போல் இருப்பது. ‘டு’ சேர்ந்தால் ஒன்றில் பழகிப்போவது. நல்ல பழக்கத்திற்கும் வரும், குடிப்பழக்கத்திற்கும் வரும்.

‘இன்’ என்பதைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். ‘இன்’ என்றால் உள்ளே. எனவே ‘டேக் இன்’ என்றால் உள்ளே சேர்த்துக்கொள்வது என்று நினைப்பது இயல்பே. ஆதரவற்ற ஒருவருக்கு வீட்டில் இடமளிப்பதை அவ்வாறு சொல்வதும் உண்டு. தளர்ந்த சட்டையைப் பிடித்துத் தைப்பதும் அதுவே. ஆனால் இளைஞர் ஒருவர் வேலை முகவர் ஒருவரால் ‘டேக்கன் இன்’ என்று செய்தித்தாளில் கண்டால், முகவர் அவரை வேலையில் சேர்த்துக்கொண்டார் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முகவர் அவரை ஏமாற்றிவிட்டார் என்பதே செய்தி. வெளிநாட்டில் வேலை என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு நம் இளைஞர் பலர் இரையாகும் இக்காலத்தில், ஒரே தொடர் அடைக்கலத்தையும் வஞ்சனையையும் குறிப்பது ஆங்கிலத்தின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

‘ஓவர்’ சேர்வதைத் தோட்டப்புற மக்கள் பலரும் முன்பே கேட்டிருப்பர். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் இலண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம், நம் நாட்டில் பெருந்தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்த கத்ரி நிறுவனத்தின் பங்குகளைச் சில மணி நேரத்திற்குள் வாங்கி, அதன் உரிமையைத் தன்வசமாக்கிக்கொண்டது. அத்தகைய செயலே ‘டேக் ஓவர்’. தோட்டம் அங்கேயே இருக்கிறது. மரமும் அங்கேயே நிற்கிறது. யாரும் எதையும் எடுத்துச் செல்லவில்லை. உடைமை மட்டுமே கைமாறுகிறது. ஆனால் உடைமை கைமாறும்போது தொழிலாளருக்குக் கடிதங்கள் வருவதுண்டு. அத்தகைய கடிதமொன்றை மாதிரிக்கு நாமே அமைத்து, அதில் வரும் ‘டேக்’குகளை எண்ணிப் பார்ப்போம்.

கடிதம் ‘டேக் நோட்டிஸ்’ என்று தொடங்குகிறது. ‘நோட்டீசை எடுத்துக்கொள்’ என்று இதனைப் படித்துவிட்டு, எடுத்தாயிற்று என்று அலமாரியில் வைத்துவிடக் கூடாது. ‘இதனால் அறியவும்’ என்பதே பொருள். சட்டப்படி உமக்கு அறிவித்தாயிற்று என்று எழுதியவர் பதிவு செய்யும் தொடர் அது. அடுத்த வரியில், தோட்டத்தைப் புதிய முதலாளி ‘டேக் ஓவர்’ செய்வதாகவும், அதனால் உமது வேலை முடிவுக்கு வருவதாகவும் காண்கிறது. மூன்றாம் வரியில், இவ்வறிவிப்பு கடிதத் தேதியிலிருந்தே ‘டேக் எஃபெக்ட்’ என்று வருகிறது. ‘எஃபெக்ட்’ என்றால் விளைவு. விளைவை எடுப்பது என்று பெயர்த்தால் ஒன்றும் புலப்படாது. நடைமுறைக்கு வருதல் என்பதே அதன் பொருள். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை இவ்விரு சொற்களே முடிவு செய்கின்றன.

தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, உடைமை மாறியதன் காரணமாக வேலை நிறுத்தப்பட்டால், ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதியிருப்பினும், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரமும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 6 வாரமும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 8 வாரமும் குறையாமல் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். அறிவிப்பைக் கொடுத்த நாளும் அக்கணக்கில் சேரும். ஆதலால் கடிதத் தேதி ஒன்றாகவும், அது கைக்கு வந்த தேதி வேறொன்றாகவும் இருந்தால், கைக்கு வந்த தேதியைக் கடிதத்தின் ஓரத்திலேயே குறித்துவைத்தல் வேண்டும். இஃது ஒருபுறமிருக்க, 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த உதவித்தொகை விதிகளின்படி, தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 10, 15, 20 நாள் சம்பளம் என, மேற்சொன்ன அதே ஆண்டு வரிசையில் உதவித்தொகையும் உண்டு. புதிய முதலாளி பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடர உரிய காலத்திற்குள் அழைத்தால் மட்டும் நிலைமை வேறாகும்.

நம் மாதிரிக் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவோம். கடிதம் முழுவதிலும் கனமான வரி இதுவே. ஒரு தொகையைக் குறிப்பிட்டு, 14 நாளுக்குள் பதில் வராவிடில் ‘வி ஷல் டேக் இட் தட்’ என்று தொடங்கி, நீர் அத்தொகைக்கு உடன்பட்டீர் என முடிகிறது. ‘அதை நாங்கள் எடுப்போம்’ என்று பிள்ளை இதனைப் பெயர்த்தால், எதை எடுப்பார்கள், பணத்தையா என்று தந்தை கலங்குவார். ‘டேக் இட் தட்’ என்பது ‘என்று கருதிக்கொள்வோம்’ என்பதாகும். இங்கும் அந்தக் ‘கொள்’ வந்து நிற்பதைக் காண்க. நீர் வாய் திறவாவிட்டால், உம்முடைய உடன்பாட்டை நாங்களே வைத்துக்கொள்வோம் என்று எழுதியவர் சொல்லுகிறார்.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பெண் பார்க்கும் வீட்டில் அது பொருந்தலாம். ஆங்கிலேயரின் நீதிமன்றமோ அதனை ஒப்பவில்லை. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்னும் வழக்கு குதிரை ஒன்றைப் பற்றியது. பெரியவர் ஒருவர் தம் உடன்பிறப்பின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், குதிரைக்கு 30 பவுன் 15 ஷில்லிங் விலை குறித்து, வேறு செய்தி வராவிடில் குதிரை தமக்கு உரியதாகிவிட்டதென்று கருதிக்கொள்வதாகத் தெரிவித்தார். பதில் போகவில்லை. பின்னர் அக்குதிரை ஏலக்காரரின் தவறுதலால் வேறொருவருக்கு விற்கப்பட, பெரியவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். ஒருவருடைய மௌனத்தையே அவருடைய ஏற்பாக மற்றொருவர் தாமாக ஆக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றளவும் இவ்வழக்கைப் படித்து வருகின்றனர்.

ஆயினும் இலண்டன் குதிரையை நம்பிக் கைகட்டி இருந்துவிடலாகாது. வழக்கு மன்றம் வரை சென்று வெல்வதைவிட, 14 நாளுக்குள் இரண்டு வரி எழுதிவிடுவது எளிது. அதனை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. தேசிய மொழியில் நம் பிள்ளைகள் யாவரும் எழுதவல்லவர்களே. கடிதம் இன்ன தேதியில் கைக்கு வந்தது, அதில் கண்ட தொகையை ஏற்றுக்கொள்வதாகத் தாம் தெரிவிக்கவில்லை, கணக்கை விளக்கிக் காட்ட வேண்டுகிறோம் என்ற அளவில் எழுதினால் போதும். தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடமும் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்திலும் கடிதத்தைக் காட்டலாம். அவர்கள் உமது முறையீட்டை ‘டேக் அப்’ செய்திருப்பதாகப் பதில் எழுதினால் அஞ்ச வேண்டா. அதனை மேலே கொண்டுசென்று பேசி வருகிறார்கள் என்பது பொருள். அனுப்பிய கடிதத்தின் படியொன்றை, வந்த கடிதத்தோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.